இசைத்தட்டில் ஒரு மணியோசை

அண்ணிக்குக் குமட்டினால் கேஸ் பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் இருக்கிற ஒரே விஞ்ஞானக் கருவி அவருடைய மூக்குதான். என் அண்ணன் கப்பலில் இன்ஜினீயர். வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடப்பான். இங்கே அண்ணி துப்பறிவார். கொழுந்தனாகிய நான் கார் ஓட்டுவேன், கதவைத் தட்டுவேன், மூடியிருக்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறப்பேன்.

அன்று காலை எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது. கையிலிருந்த சின்ன இசைத்தட்டின் உறையை மேஜைமேல் வைத்தாள். உறையில், முகத்தைப் பாதி திருப்பிக்கொண்ட ஒரு இளம்பெண்ணின் கறுப்பு வெள்ளைப் படம்.

"இதுல பாடுறது எங்க அம்மாவான்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும் மேடம்."

"நீங்க என்ன பண்றீங்க?" என்றார் அண்ணி.

"மாமா துணி துவைக்கிற கடை வெச்சிருக்கார். வரிசையா மெஷின் இருக்கும், ஜனங்க வந்து துவைச்சுக்கிட்டுப் போவாங்க. பகல்ல அங்க வேலை. சாயங்காலம் பாடுவேன். சோல், ஃபங்க்."

அண்ணி என்னைப் பார்த்தார். வீட்டில் மேல்நாட்டுப் பாட்டு கேட்கிறவன் நான்தான்.

"சோல்னா மனசு அழும். ஃபங்க்னா அதே அழுகைக்கு இடுப்பு ஆடும்," என்றேன்.

"கிட்டத்தட்ட அதுதான்," என்றாள் பாடகி. ஆனால் சிரிக்கவில்லை.

அவளுடைய அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயது. வளர்த்தவர் தாய்மாமா. அம்மா பிரமாதமாகப் பாடுவாள் என்று சொல்லி, அம்மா கட்டிய பாட்டு என்று ஒரு பாட்டையும் சின்ன வயதிலேயே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். வேறு யாருக்கும் தெரியாத அந்தப் பாட்டைத்தான், புதுக் குரல்களைத் தேடும் ஒரு ரெக்கார்டு கம்பெனியில் போய்ப் பாடியிருக்கிறாள். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"திருடி வந்து பாடுறியான்னு கேட்டாங்க மேடம். நாற்பது வருஷத்துக்கு முந்தின ரெக்கார்டு ஒண்ணு கிடைச்சிருக்கு, ஊரே அதைப் பத்திதான் பேசுது, அதே பாட்டை அதே மாதிரி இழுத்துப் பாடி எங்களை ஏமாத்தப் பாக்குறியான்னு. மறுநாள் என் டிரம்மர் வரல. அடுத்த நாள் கிட்டார்காரர் வரல. அப்புறம்தான் இந்த ரெக்கார்டை வாங்கிக் கேட்டேன். எங்க அம்மா பாட்டு. இந்தக் காதைப் பாருங்க. என் காது."

பார்த்தேன். அதே சின்னக் காது, அதே மடிப்பு.

"மாமாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். இருக்கலாம் பாப்பா, அவ எங்கேயாவது போய்ப் பாடியிருக்கலாம்னு சொல்லிட்டு அழுதார்."

அண்ணி உறையை எடுத்து மோந்து பார்த்தார். முகம் மாறியது. முதல் குமட்டல்.

*

இதை விற்ற கடை ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. படி இறங்கும்போதே ஈர அட்டையின் வாடை மூஞ்சியில் அறைந்தது. கடைக்காரர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருந்தார். தட்டில் விரல் படக்கூடாதாம். அதே கையுறையால் மூக்கை நோண்டிக்கொண்டுதான் எங்களை வரவேற்றார்.

"அண்ணிக்குப் பழைய ரெக்கார்டுன்னா உயிர்," என்று அளந்துவிட்டேன்.

"அந்த அறியப்படாத பாடகியா?" கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளம் புகுந்த ஒரு கிடங்குல ஒரே ஒரு பெட்டி கிடைச்சது. பாடிட்டு, சின்ன வயசுலயே செத்துட்டா. பேரு கூட யாருக்கும் தெரியாது. அதுல ஒரு அழகு இருக்கு பாருங்க."

அண்ணி அந்த அழகை ரசித்த மாதிரி தெரியவில்லை.

கை கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு பெட்டி நிறையப் புது இசைத்தட்டுகள் இருந்தன. பிரிக்கப்படாதவை. அதன்மேல் தரை துடைக்கும் மாப்பைச் சாய்த்திருந்தார்கள். அழுக்குத் தண்ணீர் சொட்டிச் சொட்டி மேல் தட்டில் ஒரு இளைஞனின் முகம் உப்பியிருந்தது.

"அது என்ன?" என்றேன்.

"புதுப் பசங்க அனுப்புறது. கேட்டுப் பாருங்க சார்னு."

"கேட்டீங்களா?"

"உயிரோட இருக்கிறவன் பாட்டைக் கேட்டா மறுநாளே போன் பண்ணி எப்படி இருந்துச்சுன்னு உயிரை வாங்குவான். செத்தவங்ககிட்ட அந்தத் தொல்லை இல்ல."

உள்ளே ஒருவர் கண்களைத் துடைத்தபடி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். பல் டாக்டர், இந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர். அவர் கேட்டதை எங்களுக்கும் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். முள் இறங்கியது. பாஸ் கிட்டார் ஒரு பூனை நடை நடந்தது. அதன்மேல் அந்தக் குரல் வந்தது. கனமான, கொஞ்சம் தூக்கம் கலந்த, எதையோ தொலைத்துவிட்டுத் தேடாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் குரல். நான் அடுத்த ஜோக்கை மறந்துபோனேன்.

"இப்ப கவனிங்க," என்றார் பல் டாக்டர். "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி டிரம்ஸ் நிக்கும். மணி கேக்கும்."

நின்றது. தூரத்தில், ஒரு சின்ன மணி நாலைந்து சுரம் பாடிவிட்டு மறைந்தது.

"அந்த மணியை வாசிச்ச மேதை யாருன்னு எங்க ரெக்கார்டு ரசிகர் சங்கத்துல பெரிய சண்டையே நடக்குது. சோகத்தோட வாசல்ல வந்து தட்டுற மாதிரி இல்ல? நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கேன்."

அண்ணி கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பல் டாக்டர் அதை அழுகை என்று நினைத்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம் வாங்கம்மா," என்றார் கடைக்காரர். "இவளோட இன்னொரு ரெக்கார்டு கிடைச்சிருக்கு. எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன். இதைவிட அழுவீங்க."

*

படியேறி வெளியே வந்ததும் அண்ணி நீளமாக மூச்சு இழுத்தார்.

"உறையோட உள்பக்கத்தைப் பாத்தியா? காகிதம் வயசானா ஓரம்தான் முதல்ல பழுக்கும். இது நடுவுலயும் ஓரத்துலயும் ஒரே மாதிரி பழுத்திருக்கு. மோந்தா டீ வாடை. டீத்தண்ணியில முக்கி, ஈரச் சாக்குல சுத்தி, பூஞ்சை பிடிக்க விட்டிருக்கான்."

"நாம டீயை மட்டும் குடிக்கிறோம். அந்த ஆளு சம்பாதிக்கிறான்."

"அந்த மணி என்னன்னு தெரியுதா?"

"சோகத்தோட வாசல்."

"நீ அந்தச் சத்தத்தைத் தினமும் கேக்குற. கேட்டுட்டு, எழுந்துபோய்த் துணியை எடுக்காம சோபாவுலயே படுத்துக் கிடக்குற."

நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பாடும் பாட்டு. அதேதான். ஆனால் கொஞ்சம் சோம்பலாக, ஜலதோஷம் பிடித்த மாதிரி.

"அண்ணி, நாற்பது வருஷத்துக்கு முன்னாடி மெஷின் பாடுமா?"

"அப்போ துணியை அடிச்சுத் துவைச்சாங்க. பாடினது துவைச்சவங்கதான்." அண்ணி காரில் ஏறினார். "இப்ப சொல்லு. அந்த மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு யாரு பாடுறா?"

*

சலவைக் கடையில் ஒரே புழுக்கம். பாடகியின் மாமா தரையில் மண்டியிட்டு, வடிகால் குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை வெளியே இழுத்தார். கூடவே மயிரும் நூலும் சோப்புப் பிசினும் சேர்ந்த ஒரு கறுத்த கயிறு வந்தது. அதைத் தரையில் போட்டுவிட்டு, பளிச்சென்று சிரித்து, அதே கையை நீட்டினார். அண்ணி என்னை முன்னால் தள்ளினார். நான் குலுக்கினேன். இந்தக் குடும்பத்துக்காக நான் செய்த தியாகங்களில் அதுவும் ஒன்று.

நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அறுபத்தைந்தைத் தாண்டியவர். வேலை இல்லாத நேரத்தில் மருமகளின் பாட்டுக்கு பாஸ் கிட்டார் வாசிப்பாராம். "என் தங்கச்சி விட்டுட்டுப் போன சொத்து இவ. கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா, பாவம் ஏங்கிப்போறா," என்றார்.

பாடகி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் அலமாரியிலிருந்து ஒரு மைக் தொங்கியது.

"அது எதுக்கு?"

"மெஷின்ல பழுது வந்தா மாடியிலிருந்தே சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்க, மாமா மாட்டினது," என்றாள். "நான் மடிக்கும்போது பாடிக்கிட்டே இருப்பேன். தலைவலின்னு ஒருநாள்கூட அவர் சொன்னதில்ல."

அவள் பின்னால் ஒரு மெஷின் சுற்றி நின்று, அந்த நாலைந்து சுரத்தைக் கணீரென்று பாடியது.

"இப்ப ஒரு சத்தம் கேட்டுதே, என்ன அது?" என்றார் அண்ணி.

"எந்தச் சத்தம்?"

அவள் நிஜமாகவே கேட்கவில்லை. நாள் முழுக்க அதிலேயே கிடப்பவளுக்கு அது காற்று மாதிரி.

"அம்மா போட்டோ எல்லாம் எங்கே இருக்கு?"

"மாமா பெட்டியில பூட்டி வெச்சிருக்கார். பாத்தா நான் அழுவேன்னு காட்ட மாட்டார். ஒண்ணே ஒண்ணுதான் சுவத்துல இருக்கு."

அண்ணி அவள் கையிலிருந்த போர்வையை வாங்கி மடித்து வைத்தார். "சாயங்காலம் அந்தக் கடையில ரெண்டாவது ரெக்கார்டு போடுறாங்க. நீங்க வரணும். ஆனா ஒண்ணு சொல்றேன். அங்க நீங்க கேக்கப்போறது உங்க அம்மா குரல் இல்ல."

அவள் முகத்தில் இருந்த நம்பிக்கை வாடவில்லை. "நீங்க கேக்காததை எப்படி மேடம் சொல்றீங்க?" என்றாள். ஆசை அவ்வளவு சுலபமாக அணையாது. "மாமாவையும் கூட்டிட்டு வரேன்."

"அவசியம் கூட்டிட்டு வாங்க," என்றார் அண்ணி.

*

மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. பல் டாக்டர் முதல் வரிசையில். பாடகியைத் துரத்திய ரெக்கார்டு கம்பெனி அதிகாரி இரண்டாவதில். அவளைப் பார்த்ததும் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பின்வரிசையில் சாவியால் காது குடைந்துகொண்டிருந்தவர் அண்ணிக்குத் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டர். குடைந்ததைச் சட்டையில் துடைத்தார். அண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா சுவரோரமாக நின்றார். அங்கே வரத் தயங்கியவரைப் பாடகிதான் கையைப் பிடித்து இழுத்துவந்திருந்தாள்.

கடைக்காரர் புதிய கையுறை மாட்டியிருந்தார். "சாகறதுக்கு முந்தின வாரம் பாடினது. தன்னோட தாயை நெனச்சுப் பாடியிருக்கா," என்று சொல்லி முள்ளை இறக்கினார்.

வாத்தியம் எதுவும் இல்லை. குரல் மட்டும். வார்த்தை இல்லாமல் முனகலாக ஆரம்பித்து, ஏறி, உச்சியில் உடைந்தது. உடைந்த இடத்தில் ஒரு விசும்பல். "அம்மா, ஒரு தடவ வாயேன்," என்றது குரல். மறுபடி பாடத் தொடங்கியது.

நாற்காலிகளில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. பல் டாக்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பாடகி அழவில்லை. எழுந்தாள்.

"இது நான்," என்றாள். "அந்த உறைப் படத்தை மொதல்ல பாத்த அன்னைக்கு, கடை மூடினதுக்கப்புறம், துணி மேல படுத்துக்கிட்டு அழுதேன். அப்போ சொன்னது. யாரும் இல்லன்னு நெனச்சு சொன்னது."

"உக்காரும்மா," என்றார் கம்பெனி அதிகாரி. "போன தடவை பாட்டைத் திருடின. இப்ப அழுகையையும் திருடுறியா?"

அண்ணி பிளேயர் பக்கம் போனார். கடைக்காரர் தடுப்பதற்குள் புதுத் தட்டை எடுத்துவிட்டு, முதல் தட்டை வைத்து, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் முள்ளை இறக்கினார். டிரம்ஸ் நின்றது. மணி கேட்டது.

"டாக்டர், உங்க மேதையை உங்களுக்கு அறிமுகப்படுத்துறேன்." அண்ணி தன் செல்போனில், மத்தியானம் சலவைக் கடையில் பதிவுசெய்ததை ஓடவிட்டார். மெஷின் பாடியது. அதே சுரங்கள். கொஞ்சம் உயரத்தில், கொஞ்சம் சுறுசுறுப்பாக.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பல் டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார். அவர் தொழிலுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"மெதுவாக்கி வெச்சிருக்காங்க. குரல் கனமாகணும், வயசாகணும்னு. ஆனா குரலோட சேர்ந்து மெஷினும் மெதுவாகும்ல?" அண்ணி பிளேயரின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டும் பிடியை மெல்ல மேலே தள்ளினார். செல்போனும் தட்டும் ஒரே சுரத்தில் வந்து சேர்ந்தபோது கையை எடுத்தார். பாட்டு தொடர்ந்தது. அந்தத் தூக்கக் கலக்கம் போயிருந்தது. செத்துப்போனவள் எங்கோ ஓடிவிட்டாள். துணி மடிக்கும் கையின் தாளத்தோடு, முப்பது வயதுக்காரி ஒருத்தி சுத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் கையுறைகளைக் கழற்ற ஆரம்பித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. டேப்பைக் கொண்டுவந்து குடுத்தது அவர். உறையில இருக்கிற போட்டோவும் அவர் குடுத்ததுதான்."

அவர் விரல் காட்டிய இடத்தில் மாமா நின்றார்.

அந்த மைக்கில் விழுந்ததைத் திருடியவன் இந்தக் கடைக்காரனின் ஆள் என்றுதான் அந்த நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வடிகால் கையைக் குலுக்கிய என் கை தானாகப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டது.

"உன்னோட பாட்டை எத்தனை கம்பெனிக்கு அனுப்பினேன் தெரியுமா பாப்பா?" என்றார் மாமா. "இதோ இந்தக் கடைக்காரருக்கும் அனுப்பினேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. அதையே செத்தவ பாடினதுன்னு குடுத்தேன். ஊரே அழுதுச்சு. உன் குரலைக் கேட்டு அழுதாங்கம்மா. மறைஞ்சு நின்னு பாத்து எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு."

"என்னைத் திருடின்னு சொன்னப்ப?"

"சொல்லியிருந்தா எல்லாம் நின்னு போயிருக்கும்."

"நான் உங்க மடியில படுத்து, அது அம்மாவான்னு கேட்டப்ப?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி கைக்குட்டையோடு படியேறி வெளியே ஓடினார். இந்தத் தடவை வாடை எதுவும் காரணம் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் கடைக்காரரோடு பேசத் தொடங்கினார். கூட்டம் கலைந்தது. கம்பெனி அதிகாரி பாடகியிடம் வந்து விசிட்டிங் கார்டை நீட்டினார். "அந்தச் செத்த பாடகி பேர்லயே ஒண்ணு பண்ணலாமா? இப்ப கதை இன்னும் நல்லா இருக்கு." அவள் கார்டை வாங்கவில்லை. பல் டாக்டர் மட்டும் போகாமல் நின்றார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் பாடுறீங்க," என்றார் தயங்கி. "ஆனா மெதுவா ஓடும்போது இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்துச்சு."

எனக்கு ஒரு பதில் வாய்வரை வந்தது. அச்சில் ஏற்ற முடியாதது.

*

வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அண்ணி கார் பக்கத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் மாமாவைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். பாடகி வழியில் நின்றாள்.

"வீட்டுச் சாவியும் அம்மா போட்டோ பெட்டிச் சாவியும் குடுங்க மாமா."

கொடுத்தார். கை நீட்டினார், தலையைத் தொட. அவள் பின்வாங்கினாள்.

"உங்க அம்மா இருந்திருந்தா," என்று ஆரம்பித்தார்.

"அம்மாவும் இப்படித்தான் பாடுவாங்களா?" என்றாள் அவள். "உண்மையைச் சொல்லுங்க. இந்தப் பாட்டைக் கட்டினது அவங்கதானா?"

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"தங்கச்சிக்குப் பாடவே வராது," என்றார். "ஒரு சுரம் நிக்காது அவளுக்கு. பாட்டு நான் கட்டினது. சின்ன வயசுல. கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினேன், ஒருத்தனும் வாங்கல. நீ குழந்தையில அம்மா அம்மான்னு ராத்திரியெல்லாம் அழுவ. இது உங்கம்மா பாட்டுன்னு சொல்லிப் பாடினேன். தூங்கிட்ட. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

எனக்கு அந்த ஆளை அடிக்கவும் தோன்றியது, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

பாடகி சாவிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தேடிவந்த அம்மா ஒரே சாயங்காலத்தில் இரண்டு தடவை செத்துப்போயிருந்தாள். இப்போதாவது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, முதுகிலிருந்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி தோள்களை ஒருமுறை அசைத்துக்கொண்டாள்.

"பாட்டு உங்களோடதா? அப்ப அதை நீங்களே வெச்சுக்குங்க மாமா. இனிமே அதை நான் பாட மாட்டேன்." அவள் எங்கள் காரை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்துகொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "குரல் அம்மாகிட்டருந்து வரல, உங்ககிட்டருந்தும் வரல. அது என்னோடது. அதை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."